சமதளமும் வளைதளமும் - சக்கரக் காலணியில் ஒரு தேர்வு

முன்னுரை

சக்கரத்திற்குத் தமிழில் ஆழி, திகிரி, நேமி, உருளி எனப் பெயர்கள் பல உண்டு. தேரிலும் வண்டியிலும் குயவரின் திரிகையிலும் சுழன்ற அச்சக்கரம், கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் மனிதனின் காலணிக்கே வந்து சேர்ந்துவிட்டது. இன்று நகரத்துப் பூங்காக்களிலும் விளையாட்டரங்குகளிலும் சிறுவரும் இளைஞரும் ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய காலணி அணிந்து விரைந்து செல்வதைக் காண்கிறோம். இதனை 'இன்லைன் ஸ்கேட்' என்பர்.

இக்காலணியை வாங்கும்போது பெரும்பாலோர் அளவையும் விலையையும் நிறத்தையும் மட்டுமே நோக்குகின்றனர். ஆனால் சக்கரங்கள் தரையைத் தொடும் முறை ஒன்று உண்டு. அணிந்தவன் நிற்பதும் திரும்புவதும் விழுவதும் அதனைப் பொறுத்தே அமைகின்றன. நான்கு சக்கரங்களும் ஒருசேரத் தரையைத் தொடுவது ஒரு முறை; முதற்சக்கரமும் கடைச்சக்கரமும் சற்றே உயர்ந்து நிற்க, நடுவிலுள்ள இரண்டு மட்டும் தரையைத் தொடுவது மற்றொரு முறை. இவ்விரண்டின் இயல்பையும் பயனையும் ஆராய்ந்து, யாருக்கு எது ஏற்றது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் விளக்கம்

எல்லாச் சக்கரங்களும் ஒரே மட்டத்தில் நிற்பதை ஆங்கிலத்தார் 'ஃபிளாட்' என்கின்றனர். அதனைத் தமிழில் 'சமதள அமைப்பு' எனலாம். இரண்டாவது முறைக்கு 'ராக்கர்' என்பது பெயர். மரத்தொட்டிலின் அடியிலும், சாய்ந்தாடும் நாற்காலியின் அடியிலும் வில்போல வளைந்த இரண்டு கட்டைகள் இருக்குமன்றோ? அக்கட்டைக்கே ஆங்கிலத்தில் ராக்கர் என்று பெயர். நான்கு சக்கரங்களின் அடிப்புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு தொட்டிற்கட்டையின் வளைவை ஒத்திருக்கும். எனவே இதனை 'வளைதள அமைப்பு' என்று வழங்குதல் பொருந்தும். இக்கட்டுரையில் இவ்விரு சொற்களும் இப்பொருளிலேயே ஆளப்படுகின்றன.

வரலாற்றில் ஒரு பார்வை

இத்தேர்வு இன்று நேற்றுத் தோன்றியதன்று. பெல்ஜியப் பகுதியிற் பிறந்த ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கருவி வல்லுநர், 1760களில் இலண்டன் மாநகரில் நடந்த விருந்தொன்றில் சக்கரக் காலணி அணிந்து வயலின் வாசித்துக்கொண்டே நுழைந்தார் என்றும், நிறுத்தவும் திரும்பவும் இயலாமல் பெரிய கண்ணாடியொன்றில் மோதிக் காயமுற்றார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. ஓடுவது எளிது, திரும்புவதும் நிற்பதுமே அரிது என்ற பாடத்தை அந்நிகழ்ச்சி தொடக்கத்திலேயே உணர்த்திவிட்டது.

1819இல் பிரான்சு நாட்டில் பெட்டிபிளெட் என்பார் ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்த காலணிக்குக் காப்புரிமை பெற்றார். நேராக ஓடும்போது அது நன்கு ஓடியது, திரும்பத்தான் மறுத்தது. 1823இல் இலண்டனைச் சேர்ந்த இராபர்ட் ஜான் டயர்ஸ் 'ரோலிட்டோ' என்னும் காலணியை உருவாக்கினார். அதில் ஐந்து சக்கரங்கள் இருந்தன. நடுச்சக்கரங்களை ஓரச்சக்கரங்களைக் காட்டிலும் பெரியனவாக அவர் அமைத்தார். அணிந்தவர் உடல் எடையை முன்னும் பின்னும் மாற்றித் திரும்புவதற்காகவே அவ்வாறு செய்தார். நாம் இன்று வளைதளம் என்பதன் முதல் வடிவம் அதுவே எனலாம்.

ஆயினும் திரும்புதல் என்னும் சிக்கலுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1863இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன், முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாகச் சக்கரங்களை வைத்து, சாய்ந்தால் திரும்பும் வகையில் இரப்பர் மெத்தையோடு கூடிய காலணியைப் படைத்தார். அடுத்த நூறாண்டுக் காலம் அதுவே கோலோச்சியது. நேர்வரிசைச் சக்கரம் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஸ்காட் ஓல்சன், பிரென்னன் ஓல்சன் என்னும் சகோதரர்கள் அதனை மீட்டெடுத்தனர். பனிக்கட்டி ஹாக்கி ஆடிய அவர்கள், பனியில்லாக் கோடையிலும் பயிற்சி பெற விரும்பினர். அம்முயற்சியிலிருந்து எழுந்ததே 'ரோலர்பிளேடு' என்னும் புகழ்பெற்ற பெயர். பனிச்சறுக்குக் காலணியின் இரும்பு அலகும் அடியில் சிறிது வளைந்தே இருக்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஹாக்கி வீரர் அணியும் அலகின் வளைவு, ஏறத்தாழ 9 முதல் 13 அடி வரை ஆரமுள்ள வட்டத்தின் ஒரு சிறு துண்டு. பனிநடனக் கலைஞரின் அலகோ 7 அல்லது 8 அடி ஆரமுடையது. ஆரம் குறையக் குறைய வளைவு மிகும். வளைவு மிக மிகத் திரும்புதல் எளிதாகும். விரைவோட்ட வீரரின் அலகு ஏறக்குறைய நேர்கோடாகவே இருக்கும்.

அளவும் கணக்கும்

இனி இவ்வமைப்பை எண்களால் அளந்து பார்ப்போம். இன்லைன் ஸ்கேட்டில் சக்கரங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் நீளத்தை, முதல் அச்சிலிருந்து கடைசி அச்சு வரையுள்ள தொலைவாகக் கணக்கிடுவர். பரவலாக வழங்கும் ஓர் அளவு 243 மி.மீ. நான்கு அச்சுகளுக்கு இடையே மூன்று இடைவெளிகள் உண்டாதலால், ஓர் அச்சிலிருந்து அடுத்த அச்சு 81 மி.மீ. தொலைவில் இருக்கும். இதில் 80 மி.மீ. விட்டமுள்ள சக்கரங்களைப் பொருத்தினால், இரு சக்கரங்களுக்கிடையே எஞ்சுவது 1 மி.மீ. மட்டுமே. ஆதலின் நடுச்சக்கரங்களைப் பெரிதாக்க இடமில்லை. ஓரச்சக்கரங்களைச் சிறிதாக்குவதே வழி. முன்னும் பின்னும் 76 மி.மீ., நடுவில் இரண்டு 80 மி.மீ. என அமைத்தால், ஓரச்சக்கரங்கள் தரையிலிருந்து 2 மி.மீ. உயர்ந்து நிற்கும். விட்டத்தில் 4 மி.மீ. குறைந்தால் ஆரத்தில் 2 மி.மீ. குறையும் என்பதே காரணம்.

இரண்டு மில்லிமீட்டர் என்பது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் அதன் விளைவு பெரிது. இந்நான்கு சக்கரங்களின் அடிப்புள்ளிகள் வழியே ஒரு வட்டம் வரைந்தால் அதன் ஆரம் ஏறத்தாழ 3.28 மீட்டர், அதாவது 10 அடி 9 அங்குலம் ஆகிறது. இது ஹாக்கி அலகின் வளைவு வரம்பிற்குள் அமைகிறது. உயர்வு 1 மி.மீ. மட்டுமே எனின் ஆரம் 6.56 மீட்டராகி வளைவு பாதியாகும். உயர்வு 3 மி.மீ. ஆனால் ஆரம் 2.19 மீட்டராகி, பனிநடன அலகின் அளவை எட்டிவிடும். ஓரிரு மில்லிமீட்டரில் காலணியின் குணமே மாறிவிடுவதை இக்கணக்கு தெளிவாக்குகிறது.

அடுத்து, திரும்புதலை நோக்குவோம். ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் திருப்பும்போது சக்கரங்கள் உருள்வதில்லை, பக்கவாட்டில் உராய்கின்றன. மையத்திலிருந்து தொலைவில் உள்ள சக்கரம் மிகுதியான தூரம் உராய வேண்டும். அதன் எதிர்ப்பும் மிகுதி. சமதளத்தில் நடுச்சக்கரங்கள் மையத்திலிருந்து 40.5 மி.மீ. தொலைவிலும் ஓரச்சக்கரங்கள் 121.5 மி.மீ. தொலைவிலும் தரையைத் தொடுகின்றன. சராசரி 81 மி.மீ. ஆகும். வளைதளத்தில் ஓரச்சக்கரங்கள் தொடாமையால் அது 40.5 மி.மீ. மட்டுமே. எடை சக்கரங்களின்மேல் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், பாதத்தைத் திருப்பத் தேவையான முறுக்குவிசை சரிபாதியாகக் குறைகிறது. வளைதளத்தில் கால் பம்பரம்போலச் சுழல்வதன் காரணம் இதுவே.

சமதளத்தின் சிறப்பு

சமதளத்தில் நிற்பவனின் எடை முன்னும் பின்னுமாக 243 மி.மீ. நீளத்திற்குள் எங்கு நகர்ந்தாலும் காலணி அசைவதில்லை. இது தொடக்க நிலையில் இருப்போர்க்கு ஒரு பேருதவி. சக்கரத்தின்மேல் நிற்கவே பழகாத ஒருவனுக்கு, முன்பின் ஆட்டம் என்னும் மற்றொரு கவலையைச் சேர்ப்பது அறிவுடைமையன்று.

விரைவுக்கும் சமதளமே உற்ற துணை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் உருளும்போது, சமதளத்தில் ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 15 கிலோவைத் தாங்குகிறது. வளைதளத்தில் இரு சக்கரங்கள் 30 கிலோ வீதம் தாங்குகின்றன. சக்கரம் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனது. சுமை மிகுந்தால் அது கூடுதலாக அமுங்கி மீளும். ஆற்றலின் ஒரு பகுதி அவ்வாறு அமுங்கி மீள்வதிலேயே வீணாகும். மேலும், காலால் தரையைத் தள்ளும்போது நான்கு சக்கரங்களின் விளிம்பும் ஒருசேரப் பற்றுவதால் தள்ளுவிசை முழுமையாகப் பயன்படுகிறது. திரும்புவதற்கு எதிர்ப்பாக இருந்த அதே உராய்வு, இங்கே நேர்வழியிலிருந்து விலகாமல் காக்கும் காவலாகிறது.

விரைவோட்டப் போட்டிகளில் 110 மி.மீ. விட்டமுள்ள நான்கு சக்கரங்களோ, 125 மி.மீ. விட்டமுள்ள மூன்று சக்கரங்களோ பூட்டிய சமதளக் காலணிகளைக் காண்கிறோம். 110 மி.மீ. சக்கரம் நான்கு எனில், அச்சிடைத் தொலைவே 330 மி.மீ.க்கு மேல் நீளும். இத்துறையில் தமிழகத்தார் பெற்ற புகழும் குறிப்பிடத்தக்கது. 2023இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய ஆடவர் அணியும் மகளிர் அணியும் வெண்கலம் வென்றன. ஆடவர் அணியில் ஆனந்த்குமார் வேல்குமாரும், மகளிர் அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜும் தமிழகத்தின் சார்பில் இடம்பெற்றிருந்தனர். ஆனந்த்குமார் 2025இல் சீனாவில் நடந்த உலக விரைவோட்டச் சறுக்குப் போட்டியில் 1000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்று, அப்போட்டியில் தங்கம் பெற்ற முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார்.

வளைதளத்தின் சிறப்பு

பாரிசு நகரின் திரொகதேரோ திடலில், வரிசையாக வைத்த சிறு கூம்புகளுக்கிடையே நடனம்போல வளைந்து செல்லும் கலைஞர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள். 'ஸ்லாலம்' எனப்படும் இக்கலைக்குரிய போட்டிகளில் கூம்புகள் 50, 80, 120 செ.மீ. இடைவெளிகளில் வைக்கப்படுகின்றன. 243 மி.மீ. சட்டத்தில் ஓரச்சக்கரங்களின் விளிம்பையும் சேர்த்தால் காலணியின் உருளும் பகுதியே ஏறத்தாழ 32 செ.மீ. நீளமுடையது. 50 செ.மீ. இடைவெளியில் அத்தகைய காலை நுழைத்து, திருப்பி, ஒற்றைச் சக்கரத்தில் நிறுத்தி, மீண்டும் வெளியேற வேண்டும். சமதளத்தில் இது பெருமுயற்சி. வளைதளத்தில் இயல்பான செயல். பனிநடனத்தைச் சக்கரத்தில் ஆடுவோரும் இவ்வமைப்பையே நாடுகின்றனர்.

வளைதளம் அணிந்தவனைக் கவிழ்த்துவிடும் என்று சிலர் அஞ்சுவர். அது முழு உண்மையன்று. எடை நடுவிலுள்ள 81 மி.மீ. நீளத்தைக் கடந்து முன்னே சென்றால், காலணி ஏறத்தாழ ஒன்றரைப் பாகையளவு சாய்கிறது. உடனே முதற்சக்கரம் தரையைத் தொட்டுத் தாங்கிக்கொள்கிறது. பின்னே சாய்ந்தாலும் அவ்வாறே. எந்நிலையிலும் இரண்டு சக்கரங்கள் தரையில் இருக்கும். கவிழ்தலுக்குரிய எல்லை இரு அமைப்பிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அச்சாய்வு நிகழும் நொடியில் பழகாதவன் திடுக்கிட்டு உடலைப் பின்னுக்கு இழுக்கிறான், விழுகிறான். இங்கு விழுகைக்குக் காரணம் பயிற்சியின்மையே.

அதனாலேயே வளைதளம் ஒரு நல்லாசிரியனாகவும் விளங்குகிறது. முழங்காலை மடக்கி, எடையைப் பாதத்தின் நடுவில் வைத்து நிற்கக் கற்றவனிடம் அது பணிந்து நடக்கும். குதிகாலில் சாய்ந்து நிற்பவனின் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும். எனினும் மிகு விரைவிலும் சரிவான சாலையிலும் அது நடுங்கும் இயல்புடையது என்பதை மறத்தலாகாது.

இடைநிலை அமைப்புகள்

இரண்டிற்கும் நடுவே சில வழிகள் உண்டு. முதற்சக்கரத்தை மட்டும் உயர்த்தி, மற்ற மூன்றையும் சமமாக வைப்பது ஒன்று. திரும்புதல் சிறிது எளிதாகும். பின்புற உறுதியும் குறையாது. உயர்ந்து நிற்கும் முதற்சக்கரம் சாலையின் சிறு வெடிப்புகளையும் மேடுகளையும் ஏறிக் கடக்க உதவும். நகரச் சாலைகளில் உலவுவோர்க்கு இது ஏற்றது.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். ஹாக்கிக் காலணிகள் சிலவற்றில் முன்னிரண்டு சக்கரம் 76 மி.மீ. எனவும் பின்னிரண்டு 80 மி.மீ. எனவும் இருக்கும். அளவு மாறுபடுவதால் அதனை வளைதளம் எனக் கருதுவோர் உண்டு. ஆனால் அச்சட்டத்தில் முன் அச்சுகள் தாழ்த்தி அமைக்கப்பட்டிருப்பதால் நான்கு சக்கரங்களும் தரையைத் தொடும். எனவே அது சமதளமே. சக்கரத்தின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. இதற்கு மறுதலையாக, நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருக்க, சட்டத்திலேயே ஓர அச்சுகளை உயர்த்தி அமைத்த வளைதளமும் உண்டு. காலணியைச் சமமான தரையில் வைத்து முன்பின் அசைத்துப் பார்த்தால் உண்மை உடனே விளங்கும். அசையாதது சமதளம், தொட்டில்போல் ஆடுவது வளைதளம்.

தேய்மானமும் செலவும்

சக்கரங்களின் உட்புற விளிம்பே பெரிதும் தேயும். ஆதலால் சமதளத்தில் ஒன்றாம் சக்கரத்தை மூன்றாம் இடத்திற்கும், இரண்டாவதை நான்காம் இடத்திற்கும் மாற்றி, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பிப் பூட்டுவர். இதனைச் செய்யாவிடின் ஓரச்சக்கரங்கள் தேய்ந்து, சமதளம் தானே வளைதளமாகிவிடக் கூடும். 'சில மாதங்களாகக் கால் ஆடுகிறது' என்று கூறும் சிறுவனின் காலணியை முதலில் அளந்து பார்த்தல் நன்று. வெவ்வேறு அளவுச் சக்கரம் பூட்டிய வளைதளத்தில், பெரியவற்றைப் பெரியவற்றோடும் சிறியவற்றைச் சிறியவற்றோடும் மட்டுமே மாற்றலாம். சுமை முழுதும் நடுச்சக்கரங்களில் இறங்குவதால் அவை விரைவில் தேயும். வளைவும் மெல்லக் குறையும்.

செலவைப் பொறுத்தவரை அச்சம் வேண்டா. 80 மி.மீ. சமதளத்தை வளைதளமாக்க 76 மி.மீ. சக்கரங்கள் காலணிக்கு இரண்டாக நான்கே போதும். அவையும் இல்லையெனில், தேய்ந்து 78 மி.மீ. ஆகிவிட்ட பழைய சக்கரங்களை ஓரத்திலும் புதியவற்றை நடுவிலும் பூட்டலாம். 1 மி.மீ. உயர்வுள்ள மென்மையான வளைதளம் கிடைத்துவிடும். புதிய காலணி வாங்காமலேயே இரண்டையும் சோதித்துப் பார்க்க மாணவர்க்கு இது எளிய வழியாகும்.

யாருக்கு எது ஏற்றது?

முதன்முதலாகக் கற்பவர் சமதளத்தையே தேர்க. நேராக உருளவும், இரு புறமும் திரும்பவும், விரும்பிய இடத்தில் நிற்கவும் கைவந்த பின்னரே வளைதளத்தை எண்ணலாம். நெடுந்தொலைவு செல்வோர்க்கும் விரைவோட்டம் பயில்வோர்க்கும் சமதளமே உரியது. கூம்புகளிடையே வளைதல், நடனம், ஒற்றைக்காற் சுழற்சி ஆகியவற்றை நாடுவோர்க்கு வளைதளம் உரியது. சாலையிலும் திடலிலும் மாறி மாறி உலவுவோர்க்கு முதற்சக்கரம் மட்டும் உயர்ந்த இடைநிலை போதும். சமதளத்திலிருந்து மாற விரும்புவோர் 1 மி.மீ. உயர்வில் தொடங்கிப் பின்னர் 2 மி.மீ.க்குச் செல்லுதல் நலம். மாறிய முதல் நாட்களில் சரிவையும் போக்குவரத்தையும் தவிர்த்து, மூடிய திடலிலேயே பழக வேண்டும். எவ்வமைப்பாயினும் தலைக்கவசமும், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகளும் இன்றியமையாதன. விழுபவன் முதலில் கையையே ஊன்றுவானாதலால் மணிக்கட்டுக் காப்பை அணியாதிருத்தல் பெரும் பிழையாகும்.

பெற்றோரும் பயிற்சியளிப்போரும் மனங்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. போட்டியில் வென்ற ஒருவர் அணிவதைக் கண்டு அதனையே பத்து வயதுச் சிறுவனுக்கு வாங்கித் தருதல் பொருத்தமன்று. அவர் அணிவது பல்லாண்டுப் பயிற்சிக்குப் பின் அவர் காலுக்கு இசைந்த கருவி. பொருந்தாக் கருவியோடு தொடங்கும் சிறுவன் பலமுறை விழுந்து, 'எனக்கு இது வராது' என்று விலகிவிடுகிறான். அவ்வாறு நாம் இழப்பது ஒரு காலணியின் விலையன்று, அச்சிறுவனின் தன்னம்பிக்கையாகும்.

முடிவுரை

சமதளம் உறுதியைத் தருகிறது, நெகிழ்ச்சியைக் குறைக்கிறது. வளைதளம் நெகிழ்ச்சியைத் தருகிறது, விழிப்பைக் கேட்கிறது. இவற்றுள் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்னும் வினாவே பொருளற்றது. எந்த இடத்தில், எந்த நோக்கத்திற்காக, எந்த அளவு பயிற்சியோடு அணிகிறோம் என்பதே தேர்வை முடிவு செய்ய வேண்டும். டயர்ஸ் 1823இல் எதிர்கொண்ட சிக்கலுக்கு விடை இரண்டு மில்லிமீட்டரில் அடங்கியிருந்தது. அவ்விரண்டு மில்லிமீட்டரின் பொருளை அறிந்து, அளந்து, தனக்கேற்றதைத் தேர்பவனின் கால் தடுமாறுவதில்லை. மாணவ நண்பர்கள் விளையாட்டையும் இவ்வாறு ஆராய்ந்து பயில்வார்களாயின், அவர்கள் கற்கும் இயற்பியலும் கணிதமும் திடலிலேயே பயன் தரக் காண்பர்.